தலை அங்கே, தாடை இங்கே

புவெனோஸ் அயர்ஸ்
4 ஆகஸ்டு 1958

பெனிக்னாவுக்கு,

உன் அண்ணன் ரோமுலோ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இதற்குள் நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லைதான், எனக்கு வேலை இருந்தது. உனக்கு ஆடுகளைத் தவிர வேறு என்ன இருந்தது என்று தெரியவில்லை.

இதுவும் பாசத்தில் எழுதும் கடிதம் அல்ல. 1960 ஏப்ரலில் எங்கள் அருங்காட்சியகத்தில் ரோமுலோவின் பெயரில் ஒரு கூடம் திறக்கிறார்கள். வாசலுக்கு நேர் எதிரே அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பான மண்டையோடு நிற்க வேண்டும். எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். மின்னல்விலங்கு என்று நாங்கள் சொல்லும் அந்த அழிந்துபோன குளம்புப் பிராணிகளில், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வகை என்று அவர் 1938-இல் எழுதி நிறுவியது. அதற்கு அவர் என் பெயரை வைத்தார். உலகத்தின் எந்த மூலையில் யார் அதைப் பற்றி எழுதினாலும் லெயோகாதியா என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

குறை ஒன்றுதான். கீழ்த்தாடை இல்லை. தாடை இல்லாத மண்டையை வைத்தால், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வருகிறவர்கள் பாறை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். உன் பண்ணையில், அதே சரிவில் பிறகு கிடைத்த தாடை ஒன்று இருப்பதாக ரோமுலோ சொல்லியிருக்கிறார். அதை ஆட்டுப்பட்டிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாய் என்றும் சொன்னார். கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையதான ஒரு பொருளைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க உன்னால்தான் முடியும்.

அதைக் கழுவாதே, சுரண்டாதே, நீயாக எதுவும் செய்யாதே. கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, சர்மியென்தோவிலிருந்து ரயிலில் துறைமுகத்துக்கு அனுப்பு. கப்பல் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

லெயோகாதியா


சர்மியென்தோ
1 செப்டம்பர் 1958

மகாராணி அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கட்டளை வந்து சேர்ந்தது. நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்து படித்தால் மரியாதைக் குறைவாகிவிடுமே.

நான் ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் செத்த செய்தி தந்தியில் வந்ததும், போட்டது போட்டபடி கிளம்பினேன். ரயில், கப்பல் என்று மாறி மாறி உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தால், வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்? "நேத்தே அடக்கம் பண்ணியாச்சு பெனிக்னா, பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் நேரம் ஒத்துவரணும்ல" என்றீர்கள். கூடப் பிறந்தவளுக்காக ஒரு நாள் காத்திருக்க முடியவில்லை, அமைச்சருக்காகக் காத்திருக்க முடிந்தது. அதற்குப் பிறகு நான் என்ன எழுத வேண்டும், நலம் நலமறிய ஆவல் என்றா?

அப்புறம் அந்த மண்டையோடு. "அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு" என்று எழுத உங்களுக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை. சரிவில் சிக்கிக்கொண்ட ஆட்டை இழுக்கப் போனவள் நான். காலை வைத்த இடத்தில் பல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். அண்ணன் அப்போது அடுப்படியில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டு, பிரெஞ்சுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஒரு கோடை முழுக்க இரண்டு பேரும் மண்ணில் கிடந்தோம். என் முட்டி இன்றைக்கும் மழைக்கு வலிக்கிறது.

பெயர் வைக்கிற நேரம் வந்தபோது கேட்டேன். என் வாயால் கேட்டேன், வெட்கத்தை விட்டு. "அண்ணே, என் பேரை வைப்பியா?" அதற்கு அவன் சிரித்துக்கொண்டு, "அடுத்தது உனக்குத்தான் பெனி. இப்ப இவளுக்கு வெச்சாத்தான் கல்யாணம் நடக்கும்" என்றான். அடுத்தது என்று ஒன்று வரவேயில்லை. எலிப் பல்லுக்கும் நத்தை ஓட்டுக்கும் எத்தனையோ பேரின் பெயரை வைத்தான், அமைச்சர் பெயர், அமைச்சரின் மச்சினன் பெயர். எனக்கு ஒரு நத்தைகூட இல்லை.

ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான், அதை ஒப்புக்கொள்கிறேன். அவன்தான் சொல்லியிருக்கிறான், அந்த மிருகத்துக்குப் பெரிய தலை, உள்ளே மூளை பேரிக்காய் அளவு, உடம்பைத் தாங்காத ஒல்லிக் கால், மேல் தாடையில் முன்பல்லே கிடையாது, எந்நேரமும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பான்.

தாடை வேண்டுமா? தலையைத் தூக்கிக்கொண்டு இங்கே வாருங்கள். என் அடுப்படி மேசையில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம். அதுவரை காற்று அடிக்கிற ஊரில் எனக்குக் கதவுக்கு முட்டு வேண்டும்.

பெனிக்னா


புவெனோஸ் அயர்ஸ்
6 அக்டோபர் 1958

பெனிக்னாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கவில்லை. முதல் முறையே அதிகம்.

ஒன்றை மட்டும் விளக்குகிறேன், உனக்குப் புரிகிற மொழியில். தடுக்கி விழுவது கண்டுபிடிப்பு ஆகாது. உங்கள் ஊரில் ஆடுகளும் அந்தச் சரிவில் தடுக்கி விழுகின்றன, அவற்றுக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை. எலும்பைப் பார்த்து, அளந்து, வரைந்து, இது எது, எதற்கு உறவு, எதற்கு உறவில்லை என்று அச்சில் சொல்கிறவன்தான் கண்டுபிடித்தவன். கட்டுரையின் கடைசி வரியில் "என் தங்கைக்கு நன்றி" என்று ரோமுலோ எழுதியிருக்கிறார். அந்த வரியே வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அந்த மண்டையோட்டை நான் எத்தனை முறை வரைந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. முன்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம். பாரிசிலும் லண்டனிலும் பாடப்புத்தகத்தில் இருப்பது என் கோடு. அந்த எலும்பில் எந்த மேடு எங்கே இருக்கிறது என்று இருட்டில் கேட்டாலும் சொல்வேன். நீ ஒரு கோடை மண்ணில் கிடந்தாய். நான் இருபது வருடம் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அடுப்படி மேசைக்கு நான் வரமாட்டேன். ஒரு தடவை வந்தது போதும். மூன்று வேளையும் ஆட்டுக்கறி, ஜன்னலைத் திறந்தால் தட்டில் மண்.

இன்னொன்று. மண்ணுக்கடியில் கிடைக்கும் இந்த எலும்புகள் நாட்டின் சொத்து என்று சட்டம் இருக்கிறது. நான் நினைத்தால் போலீஸ்காரரை உன் ஆட்டுப்பட்டிக்கு அனுப்ப முடியும். குடும்பப் பெயர் கெடக் கூடாது என்று பார்க்கிறேன்.

லெயோகாதியா


சர்மியென்தோ
19 டிசம்பர் 1958

அண்ணி அவர்களுக்கு,

போலீஸ்காரர் வரட்டும். அவர் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர், என்னைப் பார்த்தால் இன்னும் தொப்பியைக் கழற்றுவார்.

அவருக்கு முன்னால் வேறொருவர் வந்துவிட்டார். டாக்டர் தர்லோ என்று ஒரு யாங்கி, அமெரிக்காவிலிருந்து எலும்பு தேடி வந்தவர். ஜீப்பில் வந்தார், கூடாரம், பெட்டி, டப்பா டப்பாவாகப் பீன்ஸ். கம்பளி வெட்டுகிற நேரம், வீடு முழுக்க ஆட்கள், ஆடு கத்துகிற சத்தத்தில் பேசுவது கேட்காது. பட்டிக்குள் வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இதை ஏன் இங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

"காத்துக்கு."

"இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தெரியும். தூக்க நாலு பேர் வேணும்."

மனிதர் மண்டியிட்டுவிட்டார், அண்ணி. உங்கள் வீட்டுக்காரர் இருபது வருடமாக எட்டிப் பார்க்காத தாடைக்கு முன்னால் மண்டியிட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தட்டித் தட்டித் துடைத்தார். மண்வெட்டி மாதிரி முன்னால் நீண்ட பல் வெளியே வந்தது. இப்படி ஒரு தாடையை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். படம் எடுத்தார், வார்ப்பு எடுத்தார், அசல் போலவே இரண்டு. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அசலைத் தரமாட்டேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டார், சட்டம் பேசவில்லை.

கிளம்புகிற அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னார், இது புது வகை, இதற்கு பெனிக்னா என்று பெயர் வைக்கிறேன் என்று. மேய்ப்பன் ஃப்ரொய்லான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, உங்க பேர்ல மிருகமாமே. கடிக்குமா?" என்றான். "உன்னை மட்டும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

எனக்கு ஐம்பத்தோரு வயது. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டேன், இந்த ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் பெயரில் உலகத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்றால் இதுதான். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இல்லை. ஆனால் உங்கள் முகம் போகிற போக்கை நினைத்துப் பார்த்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெனிக்னா


புவெனோஸ் அயர்ஸ்
10 செப்டம்பர் 1959

பெனிக்னாவுக்கு,

உன் யாங்கியின் கட்டுரை ஜூனில் வெளிவந்தது. நான்கு பக்கம், ஒரு படம். நம் நாட்டு மிருகங்களைப் பற்றி எழுதும்போது அந்தக் கூட்டத்துக்கு எப்போதும் ஒரு தொனி உண்டு: வடக்கிலிருந்து அவர்கள் ஊர் மிருகங்கள் இறங்கி வந்து நம்முடையதையெல்லாம் ஒழித்தனவாம், நம்முடையது தேறாத சரக்காம். இந்த மனிதருக்கும் அதே தொனி. இருந்தாலும் படம் நல்ல படம். அதற்கு நன்றி.

அவர் படத்தையும் என் வரைபடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, வெட்டி, மேசையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தேன். என் மண்டையோட்டில் காதுக்குழிக்கு முன்னால் ஒரு தடித்த மேடு இருக்கிறது. வேறு எந்த மின்னல்விலங்குக்கும் அது கிடையாது. அதை வைத்துத்தான் ரோமுலோ இது புது வகை என்று நிறுவினார். உன் தாடையின் பின்முனையில் ஒரு பள்ளம். பள்ளம் மேட்டில் போய்ப் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்தது. ஒரே சரிவு, ஒரே அடுக்கு, ஒரே விலங்கு.

ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது. முதலில் அச்சில் வந்த பெயர் நிற்கும், பின்னால் வந்தது போய்விடும். இது என் விதி அல்ல, உலகம் முழுக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. என்னுடையது 1938. உன்னுடையது 1959. போன மாதம் எங்கள் இதழில் எழுதிவிட்டேன். தர்லோவும் ஒப்புக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். இனி பெனிக்னா என்று ஒரு விலங்கு இல்லை. பட்டியலில் என் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், வழக்கொழிந்த பெயர் என்று போடுவார்கள்.

வருத்தப்படாதே. ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஒரு குளிர்காலம் முழுக்க இருந்ததே, அது போதும்.

கூடத்தில் உன் தாடையின் வார்ப்பை வைக்கலாம் என்று இயக்குநர் சொல்கிறார். அனுப்பினால் ஏற்றுக்கொள்வோம்.

லெயோகாதியா


சர்மியென்தோ
12 அக்டோபர் 1959

லெயோகாதியா,

இனி அண்ணி கிண்ணி எல்லாம் கிடையாது.

நீ ஒரு தடவைகூட அந்தத் தாடையைத் தொட்டுப் பார்க்கவில்லை. காகிதத்தை வெட்டி வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் என் பெயரை எடுத்துவிட்டாய். வந்து பார் என்று கேட்டேன், ஆட்டுக்கறி நாற்றம் என்றாய். நீ வந்து, என் மேசையில் வைத்து, என் கண் முன்னால் பொருத்திக் காட்டிவிட்டு இதைச் சொல்லியிருந்தால், தலையாட்டியிருப்பேன். அடுப்பில் டீக்கெண்டியை வைத்திருப்பேன்.

உன்னிடம் என்ன இல்லை? ஊர் இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது, அண்ணனோடு இருபது வருடம் இருந்தாய், அவன் பெயரில் கூடம் வருகிறது, வாசலில் உன் பெயர். இத்தனையும் வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவின் பெயர் ஒரு எலும்பின் மேல் இருப்பதை உன்னால் பொறுக்க முடியவில்லை. இதற்குப் பெயர் படிப்பு இல்லை. அற்பத்தனம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டேன். ஃப்ரொய்லான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வார்ப்பு வேண்டும் என்று கேட்டாயே. அனுப்பியிருக்கிறேன். கம்பளி திணித்துப் பெட்டி போட்டு, அடுத்த கப்பலுக்கு. எடுத்து உன் தலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நில். இனி எனக்கு எழுதாதே.

பெனிக்னா


புவெனோஸ் அயர்ஸ்
2 பிப்ரவரி 1960

பெனிக்னாவுக்கு,

எழுதாதே என்று சொன்னாய். இந்த ஒன்றைப் படித்துவிட்டு அடுப்பில் போடு.

பெட்டி நவம்பரில் வந்தது. நன்றாகக் கட்டியிருந்தாய், ஒரு முனைகூட உடையவில்லை. வார்ப்பைத் தூக்கி மண்டையோட்டின்கீழ் பொருத்தினேன். அருங்காட்சியகத்தில் எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பள்ளத்தில் மேடு சரியாக உட்காரவில்லை, ஒரு பக்கம் தூக்கியது. சற்று அழுத்தினேன். மேடு பெயர்ந்து மேசையில் விழுந்தது.

பிளாஸ்டர். பழுப்பு நிறம் ஏற்றிய பிளாஸ்டர். அதன் அடியில் இருந்த அசல் எலும்பு சிறியது, வழவழப்பானது, எல்லா மின்னல்விலங்குகளுக்கும் இருப்பது போன்றது. நூறு வருடமாக எல்லாருக்கும் தெரிந்த பெரிய மின்னல்விலங்கின் மண்டைதான் அது. புதுமை என்று அதில் எதுவும் இல்லை. நான் இருபது வருடம் வரைந்தது பிளாஸ்டரை. நிழல் போட்டு, நுணுக்கமாக, பாரிசுக்கும் லண்டனுக்கும்.

உன் தாடை அதற்கு ஒட்டவில்லை. அகலம் வேறு, பல் வேறு. அது வேறு விலங்கு. தர்லோ சொன்னது சரி.

விழுந்ததை எடுத்து ஒட்டிவிடக் கொஞ்சம் பசை போதும். யாரும் பார்க்கவில்லை. மதியம் முழுக்க அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஜனவரி இதழில் வந்திருக்கிறது. லெயோகாதியா என்ற பெயர் செல்லாது. பெனிக்னா என்ற பெயர் செல்லும். கரும்பலகையில் திரும்ப எழுதிக்கொள்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்து உருகிவிடாதே. மோசமான வேலையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது என்னுடையதாக இருந்தாலும். அந்தப் பூச்சு என் கைவேலை. 1938-இல் படம் வரைய வசதியாக நான் பூசினேன். ரோமுலோவிடம் சொல்ல மறந்தேன். அவர் என்னை நம்பி அதை எலும்பு என்று விவரித்துவிட்டார். அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்.

கூடம் திட்டமிட்டபடி ரோமுலோவின் பெயரில் திறக்கும். அவர் மேல் குற்றம் இல்லை என்பதால் இயக்குநருக்கு ஆட்சேபம் இல்லை. மண்டையோடு கிடங்குக்குப் போய்விட்டது. என்னையும் வரைபட அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இளைஞர்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அது பரவாயில்லை, அவர்கள் பேசுவது எப்போதும் கேட்கத் தகுந்ததாக இருந்ததில்லை.

லெயோகாதியா


சர்மியென்தோ
7 மார்ச் 1960

அண்ணிக்கு,

பொய் சொல்லத் தெரியாதவர்கள் சொல்லக் கூடாது.

அந்தப் பிளாஸ்டரைக் கரைத்தது என் ரொட்டி மாவுப் பாத்திரத்தில். 1936, அந்தக் கோடை முடிந்து வந்த குளிர்காலம். மண்ணிலிருந்து தூக்கும்போது காதுப் பக்கம் நொறுங்கிவிட்டது. வண்டியில் போகும்போது மீதியும் உதிர்ந்துவிடாமல் இருக்க, அண்ணன் இந்த அடுப்படியில் உட்கார்ந்து தடவினான். நான் தண்ணீர் ஊற்றினேன். "போதும் பெனி, கூழாக்கிடாதே" என்று கத்தினான். வெள்ளையாகத் தெரிகிறதே என்று மாத்தேச் சக்கையைக் காய்ச்சி நிறம் ஏற்றினான். பாத்திரத்தில் ஒட்டிய பிளாஸ்டர் கடைசிவரை போகவில்லை, அதைத் தூக்கிப் போட்டேன். அந்த வருடம் லெயோகாதியா என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம்தான் அவன் உங்களைப் பார்த்தான். அதற்கடுத்த வருடம், தான் தடவியதையே மறந்துபோய், மேடு இருக்கிறது மேடு இருக்கிறது என்று கட்டுரை எழுதினான், மகா மேதை. எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தால் புரியாது. புரிந்திருந்தால் அன்றைக்கே, அண்ணே அது நம்ம பிளாஸ்டர்டா என்று சொல்லியிருப்பேன்.

ஆக, நீங்கள் அச்சில் பொய் சொல்லியிருக்கிறீர்கள். எலும்பு விஷயத்தில் கடவுளையே திருத்துகிற நீங்கள். அதைப் படித்த அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். திட்டாமல் கேளுங்கள்.

தர்லோ போன வாரம் மறுபடி வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் உங்கள் இதழை எடுத்து மேசையில் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "உங்க அண்ணி பண்ணின வேலையைப் பாத்தீங்களா? படம் அழகா இருக்கணும்னு எலும்பையே பண்ணிட்டாங்க. பாவம் அந்த டாக்டர், இப்படி ஒருத்தியை நம்பியிருக்கார்" என்றார். வாய் நிறைய என் ஆட்டுக்கறி.

உங்களைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. இருபது வருடமாகத் திட்டுகிறேன். அந்த ஆளுக்கு என்ன உரிமை?

"பூசினது அவங்க இல்லை. நான்" என்றேன்.

முள்கரண்டி அப்படியே நின்றது. "நீங்களா? ஏன்?"

"ஓட்டையா இருந்துச்சு. அடைச்சேன். சுவத்துல ஓட்டை இருந்தா அடைக்க மாட்டீங்களா?"

"அப்ப உங்க அண்ணி எழுதினது?"

"என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாங்க. அந்த மண்டை இந்த ஊரைவிட்டுப் போறதுக்கு முன்னாடியே பூசியாச்சு. எங்க அண்ணனுக்குத் தெரியவே தெரியாது, அவங்களுக்கும் அது பெயர்ந்து விழுந்தப்பதான் தெரியும்."

அவர் நம்பிவிட்டார். உங்களைவிட நான் நன்றாகப் பொய் சொல்கிறேன், பிள்ளைகளோடு முப்பது வருடம் இருந்த பழக்கம். ஆனால் அவர் கண் மெல்லத் திரும்பி, பட்டியிலிருந்து கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்த தாடைக்குப் போனது. "இதுலயும் ஏதாவது அடைச்சீங்களா?" என்றார். இதைத் தொடவே இல்லை என்று சொன்னேன். அது சத்தியம். அதைத்தான் நம்பவில்லை.

என் கை பட்ட எதையும் இனி நம்புவதற்கில்லையாம். அசலைத் தந்தால் அறுத்துப் பார்க்கலாம் என்றார். அறுக்க விடமாட்டேன் என்றேன். அப்படியானால் பெனிக்னா என்ற பெயருக்குப் பக்கத்தில் சந்தேகத்துக்குரியது என்று அடுத்த கட்டுரையில் எழுத வேண்டியிருக்கும் என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் தட்டை எடுத்தேன். பாதிச் சாப்பாடு அதில் இருந்தது.

பெயர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது மூன்றாவது பொய். வயிறு எரிகிறது. இரண்டு தடவை வந்து இரண்டு தடவை போய்விட்டது. அதற்காகச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

உங்கள் இயக்குநருக்கும் அவர் இதையெல்லாம் எழுதுகிறார். வரைபட அறையைத் திரும்பத் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கப்படி மறுத்து ஒரு கட்டுரை எழுதிவிடாதீர்கள். நான் பூசவில்லை என்று நீங்கள் நிரூபித்து, நீங்கள் பூசவில்லை என்று நான் நிரூபித்தால், அப்புறம் அந்தத் தலையைத் தொட்ட ஆள் ஒருவர்தான் மிச்சம். தான் தடவிய பிளாஸ்டரையே எலும்பு என்று எழுதியவர் பெயரில் யாரும் கூடம் திறக்க மாட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு வருகிறேன். ஏப்ரல் முதல் வாரக் கப்பல். எலும்பில் பிளாஸ்டர் பூசிய பட்டிக்காட்டுத் தங்கை யார் என்று எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முன்வரிசையில் உங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். அமைச்சர் பின்னால் உட்காரட்டும்.

பெனிக்னா